கம்பியை வெட்டாதே என்ற கேபிள்காரர்

என் கேபிள் முதலாளி தேவராஜுலு அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகைச் சுவரில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தேன். தறிச் சத்தத்தில் போனில் சொன்னது காதில் ஏறவில்லை. இறங்கிவந்து பார்த்தால், நம் கேபிள்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் கொட்டிக் கிடந்தன. அந்தக் கைகளில் பாதி, அவர் திறந்துவைத்ததை மூடச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்டவை. எந்தெந்தக் கை என்று எனக்குத் தெரியும். கடைசிக் கையெழுத்து என்னுடையது.

திருத்தணியில் கேபிள் பெட்டியை விட்டு ஜனங்கள் போனுக்கு மாறியபோது நீங்கள் எல்லாம் சங்கக் கூட்டம் போட்டு அழுதீர்கள். அவர் ஒரு ஆப் செய்தார். ஆடிக் கிருத்திகைக் காவடி, தெப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கூத்து, ஊர்க் கல்யாணம் எல்லாம் அதில் ஓடின. அதோடு நிறுத்தியிருந்தால் உங்கள் கணக்கில் அவர் புத்திசாலி. அடுத்து, வெளியில் மென்பொருள் எழுதுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் நம் ஆப்பில் ஓடும் படத்தை எடுத்து, அதன்மேல் தங்கள் வேலையைக் கட்டிக்கொள்ளலாம் என்றார். பெயரும் நோக்கமும் எழுதிக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு சாவி. சாவி என்றால் நீளமான ஓர் எண். அதைப் போட்டால் படம் வரும். அன்றுமுதல் உங்களுக்கு அவர் பைத்தியம். மூடச் சொல்லி மனு எழுதினீர்கள், கடைசியில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய மைத்துனரும் பங்குதாரருமான சேகர்தான் முதலில் குதித்தார்.

"பாவா, கொக்கி போட்டுத் திருடறவனுக்கு நாமளே ஏணி புடிக்கணும்ன்றீங்களா?"

"ஆங். உனக்கு இத்தன வருஷம் புடிச்சேனே, ஏறி என்னத்த கிழிச்ச? வேற ஒருத்தன் ஏறிப் பாக்கட்டும்."

அண்ணனின் நாக்கு அப்படி. இன்னொன்றும் சொன்னார்: "நமக்குத் தெரிஞ்சது ஒயரு இழுக்கறது. அதுக்கு மேல பண்ணத் தெரிஞ்சவன் எங்கயோ உக்காந்துகினு இருக்கான். அவன் நம்மகிட்ட வேலைக்கு வரமாட்டான். வந்தா நாம கெடுத்துடுவோம்."

அந்தச் சாவிகளுக்குக் காவலாக என்னை வைத்தார். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் ஒரே மார்க் வாங்கிய நிலையான மனிதன் நான். பி.சி.ஏ. படித்த என் மகன் சாவி விஷயத்தை எனக்கு இரண்டு முறை விளக்கினான். மூன்றாவது முறை அவன் அம்மாவுக்கு விளக்கினான். அவள் எனக்குச் சொன்னாள்.

நம் தொழிலில் எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். மாடி ஏறு, நம் லைனிலிருந்து யாராவது கம்பி பிரித்திருந்தால் வெட்டு, கேட்காதே. வெட்டினால் ஆள் தானே தேடி வருவான். நீங்களும் இதைத்தான் தொழில் என்று கற்றீர்கள். ஒருநாள் பட்டியலில் ஒரு சாவி, ஒரே கூத்துப் பதிவைக் காலையிலிருந்து திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. எந்த மனிதனும் ஒரு கூத்தை அத்தனை முறை பார்க்கமாட்டான். வெட்டிவிட்டு, அண்ணனிடம் பெருமையாகவும் சொன்னேன்.

"நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கே, அதப் படிச்சியா?" என்றார்.

படிக்கவில்லை. இருபது வருடமாக நான் வெட்டிய கம்பி எதிலும் அப்படி ஒரு கட்டம் இருந்ததில்லை. திரையைத் திருப்பிப் படிக்கவைத்தார். 'காது கேட்காத எங்கள் அப்பா கூத்துப் பார்க்க' என்று இருந்தது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட எனக்குத் தெரியவில்லை. மகன் ஊரில் இல்லை.

மூன்றாம் நாள் பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி அவர்களே ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். பெண் பெயர் கவிதா. அப்பா, விசைத்தறி ஓட்டியே காதை இழந்தவர். கூத்தில் பேசுவதும் பாடுவதும் படத்துக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் எழுத்தாக ஓடும்படி அவள் செய்திருந்தாள். எழுத்து பிழையில்லாமல் வர, மென்பொருள் அதே பதிவைப் பலமுறை கேட்க வேண்டியிருந்ததாம். அவள் அப்பாவைப் போலக் காது போன தறிக்காரர்கள் பலர் அதில்தான் பார்த்துவந்தார்கள்.

"மூணு நாளா உங்க ஆப்புலயேதான் பாக்கறேன், வெறும் ஆட்டம்தாங்க தெரியுது. வாய் அசையுது, ஒண்ணும் புரியல," என்றார் அவர், காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில்.

அண்ணன் என்னைக் கை காட்டினார். "இவன்தாங்க வெட்டினவன். பெரிய திருடனப் புடிச்சிட்டான். யோவ் மணி, திருடனுக்கு ஒரு டீ சொல்லு. அப்படியே மன்னிப்பும் கேளு."

கேட்டேன். கவிதா போனை நீட்டினாள். நான் பேசியது எழுத்தாக ஓடியது. அவர் நிதானமாகப் படித்தார்.

"எழுத்து சரியா வருதும்மா. ஆளுதான் சரியில்ல."

அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். அன்றைக்கே ஆள் பிடித்துச் சாவியைத் திறந்துகொடுத்தார். பிறகு என்னிடம், "வெட்டறது எவனுக்கும் தெரியும்யா. அதுக்கு ஒரு ஆளா?" என்றார்.

போன வாரம் கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினீர்கள். பேனரில் அவர் 'தொலைநோக்குச் சிற்பி'. அவரை முதலில் புரிந்துகொண்டது தான்தான் என்று பேசியவர் ஒவ்வொருவரும் சொன்னார். அத்தனை பேர் புரிந்துகொண்ட மனிதர் அத்தனை வருடம் தனியாக எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ. கூட்டம் முடிந்ததும் பந்தி ஓரம் சேகர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"நம்ம ஆப்ப ஒரு கம்பெனி வாங்குது. வெளியாள் யாரும் இருக்கக் கூடாதாம். வெளியாள் சாவி எல்லாத்தையும் நாளைக்குள்ள மூடிடு. உனக்குத்தான் பழக்கமாச்சே."

"மூடறேங்க. யாரோடத எதுக்கு மூடறோம்னு ஒவ்வொரு பேருக்கும் எழுதிக் குடுங்க. அவங்களுக்கு அனுப்பிட்டு மூடறேன்."

"என்னய்யா, புதுசா கேக்கற?"

பட்டியலைக் கொடுத்தேன். நாலு நோக்கம் படித்தார். முகம் சுருங்கியது. அப்புறம் பார்க்கலாம் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை ஒரு வரியும் எழுதித் தரவில்லை. பள்ளிப்பட்டில் கூத்துக்குக் கீழே எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னை அனுப்பிவிட்டு வேறொருவனை வைத்து மூடலாம். வைப்பார்கள், வெட்டத் தெரிந்தவனுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். வெட்டு என்றால், எதற்கு என்று கேட்கிறேன். தலை நரைத்த பிறகு வந்த பழக்கம், இனிமேல் போகாது.