ஏறுசுவரும் ஒரு கதிரையும்

மன்னார் நகரில் ஏறுசுவர் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் தீவு முழுக்கத் தட்டை; இங்கே ஆருக்கு ஏறிப் பழக்கம்? ஒரு மண்டபத்துக்குள் சுவர் நிறைய நிறநிறமான பிளாஸ்டிக் பிடிகளைப் பூட்டி, இடுப்பில் கயிறு கட்டி, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏறவிடுகிறார்களாம். தங்கச்சியின் மகள் விடாமல் கரைச்சல் கொடுத்தாள். எங்கள் ஊர் தாராபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

மண்டபம் இரண்டாம் மாடியில் இருந்தது. முப்பத்திரண்டு படி. இடது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்காலாகி ஒன்பது வருஷம். அன்றிலிருந்து போகுமிடமெல்லாம் படி எண்ணுவது என் பழக்கம். கடைசிப் படியில் மூச்சு வாங்க நின்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளை ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இருங்கோ அக்கா, இருங்கோ. சண்டையிலயோ கால் போனது?"

"இல்லைப் பிள்ளை. பஸ்ஸில இருந்து விழுந்தனான்."

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் இரக்கம் கொஞ்சம் இறங்கிவிடும். கதிரை மட்டும் அப்படியே நிற்கும். அரசாங்கக் கந்தோரென்றாலும் கலியாண வீடென்றாலும் பூசையென்றாலும், நான் வாய் திறக்க முதல் எனக்கு முன்னால் ஒரு கதிரை வந்துவிடும். எங்கள் பக்கம் கதிரை போடுவது மரியாதை. மறுத்தால் போட்டவருக்கு மனம் நோகும். ஆக, ஒன்பது வருஷமாக ஊரின் மனம் நோகாமல் கதிரையில் இருந்து இருந்தே எனக்கு அலுத்துவிட்டது.

அன்றும் ஒரு மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருந்தபடி தங்கச்சியின் மகள் ஏறுவதைப் பார்த்தேன். கால் வழுக்கும்போதெல்லாம் அவளைக் காப்பாற்றியது கைகள்தான். ஊன்றுகோல் பிடித்து இறுகிய கைகள் என்னிடமும் இருக்கின்றன. ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. நாற்பத்தாறு வயதில் இதென்ன ஆசை என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அது என்னை விடவில்லை.

அடுத்த கிழமை தனியே போனேன். கட்டணப் பலகையில் பெரியவர்களுக்கு ஒரு தொகை, சப்பாத்து வாடகை வேறு, கடைசி வரியில் 'மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசம்'. கதிரையும் வந்தது. நான் அதில் இருக்கவில்லை.

"எனக்கு ஒரு ரிக்கெற் தாங்கோ."

"உங்களுக்குச் சும்மாதானே அக்கா. இருந்து பாருங்கோ."

"பாக்க வரேல்ல. ஏற வந்தனான்."

கவுண்டர் பிள்ளை திகைத்துப்போய் முதலாளிக்குப் போன் எடுத்தாள். எவ்வளவு நேரமும் இருந்து பார்க்கட்டும், ஏறவிட வேண்டாம், விழுந்தால் ஆர் பொறுப்பு என்றாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளை, உங்கட முப்பத்திரண்டு படியிலயும் என்னை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது? கயிறும் இல்லாமல்தான் ஏறி வந்தனான். அப்ப விழுந்தால் ஆர் பொறுப்பு?"

அவள் எழும்பிப் போய்ப் படிகளை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடியும் போன் எடுத்தாள். இந்தத் தடவை அவள்தான் அதிகம் கதைத்தாள். வைத்துவிட்டு முழுக் கட்டணத்துக்கு ரிக்கெற் வெட்டினாள். பிறகு பேனையைப் பிடித்தபடி நின்றாள்.

"சப்பாத்து உங்களுக்கு ஒண்டுதானே வேணும் அக்கா. வாடகை அரைவாசி எடுக்கட்டோ?"

உண்மையாகவே யோசித்துக் கேட்டாள், பாவம். "சோடிக்கே எடுங்கோ," என்றேன். கன நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

கயிற்றை அவளே என் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாவது பிடிவரை போனேன். பொய்க்கால் இரண்டு தரம் வழுக்கியது, தோள் எரிந்தது, உச்சி இன்னும் எங்கோ கிடந்தது. போதும் என்று கத்தினேன். மெதுவாக இறக்கினாள்.

கீழே விரித்திருந்த மெத்தையில் நின்று மூச்சு வாங்கினேன். அவள் பழக்கதோஷத்தில் கதிரையைத் தூக்கினாள். பாதி வழியில் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"கதிரை வேணுமோ அக்கா?"

ஒன்பது வருஷத்தில் இதை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"ஓம் பிள்ளை, தாங்கோ," என்றேன். "சரியான களைப்பாக் கிடக்கு."