வெள்ளிக்கிழமைத் தாரா

மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் கலியாணப் பேச்சின் முதல் சந்திப்பைத் தமிழ்க் கடைகளில் வைப்பதில்லை. அங்கே ரோல்ஸ் பொரிந்து மேசைக்கு வருவதற்குள் செய்தி டொரன்டோவுக்குப் போய்விடும். கோயில் அதைவிட மோசம். வீட்டுக்கு வரச் சொன்னால், வருகிறவர்கள் கதிரையின் விலையையும் குசினியின் நீளத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். ஆகவே பொதுவான ஓர் இடம் வேண்டும். விஷயம் சரிவராவிட்டால், அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை என்று இரண்டு பக்கமும் கூசாமல் சொல்லக்கூடிய இடம். இந்த வகையில் கன்டோனீஸ் சாப்பாட்டுக் கடைகள் எங்கள் சமூகத்துக்கு ஆற்றிவரும் தொண்டை யாரும் இன்னும் சரியாக மதிக்கவில்லை.

கிளென் வேவர்லியில் அந்தக் கடையைத் தெரிவு செய்தவர் அங்கிள். அதாவது, நான் கட்ட விரும்பிய பெண்ணின் தகப்பன். “அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் வாறேல்லை தம்பி, அது எனக்கு நல்லாத் தெரியும்” என்று போனில் சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் கணக்காளர், போதாததற்குக் கோயில் நிர்வாக சபைத் தலைவர். எதையும் அடித்துச் சொல்வது அவருக்குப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சனிக்கிழமைக்குத்தான் மேசை சொல்லிவைத்திருந்தார். சனியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று அவர் மனைவி, அன்ரி, அதை வெள்ளிக்கு மாற்றினார். வெள்ளி என்றால் சைவச் சாப்பாடு. “அதுக்கென்ன, சீனக் கடையில மரக்கறியும் இருக்கும்தானே” என்று அதற்கும் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அங்கிள் தயங்கினாராம். வெள்ளிக்கிழமைகளில் வேலையிடத்தில் பின்னேரக் கூட்டம் இருக்கிறது, அது முடிந்துதானே கோயிலுக்கே வருகிறேன் என்றாராம். கூட்டத்தைத் தள்ளிவைக்கும்படி அன்ரி உத்தரவு போட்டுவிட்டார். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அவர்களின் மகள்.

எங்கள் பக்கத்தில் வேறு சிக்கல். எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் என்பது கடைக்குப் போக மறந்த நாள். ஆனால் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “அவை பெரிய சைவக்காரர். நாங்களும் வெள்ளிக்கு மச்சம் தொடுறேல்லை எண்டு சொல்லோணும். உங்கட அப்பாவை வாயைத் திறக்க விடாத.”

அப்பா டண்டினொங்கில் ஒரு குளிர்பதனக் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறவர். வாயைத் திறக்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. படகில் வந்து இறங்கியது முதல், விசாவுக்காகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்.

நான் என் பங்குக்குத் தயாரானேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்படி வந்தவனுக்கு உலகத்தில் எல்லாமே பரீட்சைதான். கன்டோனீஸ் சாப்பாட்டு மேசை ஒழுக்கம் பற்றி வீடியோக்கள் பார்த்தேன். தேநீர்க் கேத்தல் வெறுமையானால் மூடியைச் சரித்து வைக்க வேண்டும். யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்ல வேண்டும். பொரித்த கச்சான் கடலையைச் சொப்ஸ்டிக்கால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழகினேன். மாநகர சபையில் மழைநீர் வடிகால் திட்டமிடும் எஞ்சினியர் ஒருவர் செலவழிக்கக் கூடாத நேரத்தை எல்லாம் அதில் செலவழித்தேன்.

ஆனால் எனக்குத் தெரியும், பரீட்சை எனக்கு இல்லை. அன்ரிக்கு என்னைப் பிடிக்கும். எஞ்சினியர், குடிப்பதில்லை, தேவாரம் பாடச் சொன்னால் ஒன்றாவது பாடுவேன். அவருடைய சந்தேகமெல்லாம் எனக்கு முன்னால் பிறந்தவர்களில்தான். “ஊரில எவடம்?” என்பது எங்கள் ஆட்களிடம் ஒரு சாதாரண கேள்விபோல இருக்கும். இடம் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் தாத்தா என்ன தொழில் செய்தார் என்று தெரியும், மிச்சத்தை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. மகள் பலமுறை “அம்மா, ஹூ கெயர்ஸ்” என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். கவலைப்படுவது தான்தான் என்பதை அன்ரி ஒளிக்கவுமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் சம்மதம் இல்லை. பதில் கிடைத்தாலும் சம்மதம் இல்லை என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும்.

கடைக் கண்ணாடிக்குள் வாட்டிய தாரா வாத்துகள் கழுத்தில் கொளுக்கியோடு வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே ஒருவர் வெட்டுக்கத்தியால் ஒரே சீராகக் கொத்திக்கொண்டிருந்தார். அன்ரி பட்டுச் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு அவற்றைக் கடந்து உள்ளே போனார். என் அம்மாவும் உடனே தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். அப்பா மட்டும் தாராக்களை ஒரு தரம் நின்று பார்த்தார்.

சுழலும் கண்ணாடித் தட்டு வைத்த வட்ட மேசை. நடுவயதுப் பரிமாறும் பெண் ஒருவர் வந்து தேநீர் ஊற்றினார். அங்கிளின் இரண்டு விரல்கள் தாமாகவே மேசையை மெல்லத் தட்டின. நான் வீடியோ பார்த்துப் படித்ததை இவர் எங்கே படித்தார் என்று யோசித்தேன். அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தார். அங்கிள் மெனுவை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீரைக்கு ஒய்ஸ்டர் சோஸ் வேண்டாம், டோஃபுவுக்கு மேலே இறைச்சி தூவ வேண்டாம், சோற்றில் முட்டை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார். முதல் முறை வருகிறவர் ஒருவருக்கு இது அபாரமான அறிவு.

கேட்காமலே எல்லாருக்கும் ஒரு கிண்ணம் சூப் வந்தது. அந்தக் கடைகளில் அது இலவசம். கரட்டும் சோளமும் மிதந்தன. அது பன்றி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து எடுப்பது என்று எனக்கு வீடியோ உபயத்தில் தெரியும். சொல்ல வாயெடுத்தபோது அங்கிளின் கண் என் கண்ணில் பட்டது. அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் குனிந்துகொண்டோம்.

“நல்ல மரக்கறி சூப், வயித்துக்கு இதமா இருக்கு” என்றார் அன்ரி. “எங்கட ஆக்கள் ஏன் இப்பிடிச் செய்யிறேல்லை?”

“அதுதானே அக்கா” என்றார் அம்மா. “வெள்ளிக்கிழமையில இப்பிடி ஒண்டு போதும்.”

அதற்குப் பிறகு அன்ரி வேலையைத் தொடங்கினார்.

“ஊரில எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவியள்?”

“எல்லாக் கோயிலுக்கும் போவம் அக்கா. சாமி ஒண்டுதானே.”

“எந்தப் பள்ளிக்கூடம் கிட்ட?”

“பள்ளிக்கூடமெல்லாம் சண்டையில இடிஞ்சு போச்சு.”

அன்ரி கொஞ்சம் யோசித்தார். “உங்கட பக்கம் கிணத்துத் தண்ணி எப்பிடி? நல்ல தண்ணியோ, உவரோ?”

நான் உள்ளுக்குள் எழுந்து நின்று கைதட்டினேன். கிணறு உவர் என்றால் கடற்கரை. வடிகால் எஞ்சினியர்களுக்குக்கூட இந்த நுட்பம் வராது. அம்மாவும் சளைத்தவரில்லை.

“இப்ப எல்லா இடமும் குழாய்த் தண்ணிதானே அக்கா.”

அப்பா கை கழுவி வருவதாக எழுந்து போனார். மகள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்து, “ஐ ஆம் சோ சொறி” என்று முணுமுணுத்தாள். டோஃபு வந்தது, பூண்டு போட்ட கீரை வந்தது, காளான் வந்தது. அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். எல்லாரும் அவற்றை மிகுந்த பக்தியோடு மென்றோம்.

அப்போதுதான் அந்தப் பரிமாறும் பெண் ஒரு பெரிய நீள்வட்டத் தட்டோடு வந்தார். அரைத் தாரா, தோல் மினுங்க. பக்கத்தில் மொறுமொறுவென்று பன்றி இறைச்சி. நேராக அங்கிளின் முன்னால் வைத்தார். “பொஸ், உங்கட வெள்ளிக்கிழமைத் தட்டு” என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். “இன்றைக்குக் குடும்பத்தோட வந்திருக்கிறியள், சொல்ல மறந்திட்டியள் என்று நானே போடச் சொன்னன். உங்களுக்குப் பிடிச்ச கால் பக்கம்.”

கூட்டம் என்று அங்கிள் இத்தனை வெள்ளிக்கிழமைகளும் போன இடம் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அங்கிள் தட்டைப் பார்த்தார். அன்ரி அங்கிளைப் பார்த்தார். கோயிலில் வெள்ளிதோறும் அவர் விரத மகிமை பற்றிப் பேசுவதைக் கேட்டு நானே ஒரு தரம் பட்டினி கிடந்திருக்கிறேன்.

“அது நான் சொன்னது” என்றார் அப்பா.

எல்லாரும் திரும்பினோம்.

“கை கழுவப் போகேக்க சொன்னனான். பிழையாச் சேருக்கு முன்னால வைச்சிட்டா.” தட்டைச் சுழற்றித் தன் பக்கம் கொண்டுவந்தார்.

அப்பாவின் ஆங்கிலம் கிட்டங்கியில் தேவைப்படும் சொற்களோடு முடிந்துவிடும். அவற்றை வைத்துக்கொண்டு அரைத் தாராவும் பன்றியும், அதுவும் கால் பக்கம் கேட்டு, சொல்லிவிட்டு வந்தாராம். மேசையில் இருந்த ஒருவரும் அதை நம்பவில்லை. ஒருவரும் மறுக்கவும் இல்லை. அம்மா முகத்தில் மட்டும் வீடு பற்றி எரிகிற தோற்றம்.

அன்ரிக்கு முதலில் மூச்சு வந்தது. அடுத்ததாகக் குரலும் வந்தது. “அப்ப நீங்கள் வெள்ளிக்கிழமையும் மச்சம் சாப்பிடுவியளோ?”

“ஓம் தங்கச்சி. நாங்கள் கடல்தொழில் செய்த ஆக்கள். என்ரை ஐயாவும் கடலுக்குப் போனவர், நானும் போனனான். எங்கட கிணறு உவர்தான். இவனுக்கு முதல் எங்கட வீட்டில ஒருத்தரும் எட்டாம் வகுப்புத் தாண்டேல்லை.” அவர் ஒரு துண்டை எடுத்துத் தன் சோற்றில் வைத்தார். “சேர், நீங்களும் ஒரு துண்டு எடுங்கோ. எனக்காக.”

“நான் வெள்ளியில…” என்று அங்கிள் தொடங்கினார்.

“மரியாதைக்கு ஒண்டு.”

“மரியாதைக்கு எண்டால் சரி அண்ணை” என்றார் அங்கிள். மரியாதையின் பொருட்டு அவர் காலை எடுத்தார். அதன் பிறகு தோல், அதன் பிறகு பன்றி, எல்லாம் மரியாதைக்குத்தான். பிளம் சோஸ் எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று தேடவும் இல்லை. மகளும் ஒரு துண்டு எடுத்தாள். “இண்டைக்கு வெள்ளி” என்றார் அன்ரி. “அம்மா, ப்ளீஸ்” என்றாள் அவள், வாயில் வைத்துக்கொண்டே.

அன்ரி மிச்ச நேரம் முழுவதும் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் பற்றி வேறு கேள்வி வரவில்லை.

காரில் அம்மா தொடங்கினார். “ஆரும் கேக்காத கேள்விக்கு மறுமொழி சொல்லிப்போட்டு வாறியள்.”

“அவ கேட்டுக்கொண்டுதானே இருந்தவ” என்றார் அப்பா. “பாவம், எவ்வளவு நேரந்தான் சுத்திச் சுத்திக் கேக்கிறது.”

“பிள்ளையின்ரை வாழ்க்கை…”

“அந்த மனுசனை மனிசிக்கு முன்னால அப்பிடி விடேலாது.”

நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது. அதற்குப் பேர் வைத்தால் அழவேண்டி வரும் என்று வீதியைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அவளிடமிருந்து செய்தி வந்தது. அன்ரி சம்மதமாம். எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. அடுத்த வரியில் காரணம் இருந்தது. “வெளியில போய்க் கதைக்காத ஆக்கள் போல தெரியுது” என்று தாய் சொன்னாராம். என் பட்டம், என் சம்பளம், என் தேவாரம் எதுவும் கணக்கில் வரவில்லை. கோயில் நிர்வாக சபைத் தலைவரின் தாரா விஷயம் தெரிந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். சாட்சிகளைச் சம்பந்திகளாக்கிவிடுவதைவிடப் பாதுகாப்பான வழி அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு நிபந்தனையும் இருந்தது. கலியாண அழைப்பிதழில் எங்கள் ஊர்ப்பெயர் வேண்டாம். அவர்கள் பக்கத்துக்கு யாழ்ப்பாணத்து ஊர் இருக்கும், எங்கள் பக்கத்துக்கு வெறுமனே மெல்பேர்ன் என்று போட்டால் போதும். மெல்பேர்னில் உவர்க் கிணறு இல்லை என்பதாக இருக்கலாம்.

அப்பா மேசையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். “போடாட்டிப் போகட்டும், நீ கலியாணத்தைக் கட்டு” என்றார். அம்மா அவசரமாகத் தலையாட்டினார்.

நான் அவளுக்கு எழுதினேன்: அப்பாவின் ஊர் இல்லாமல் அழைப்பிதழ் இல்லை. அனுப்பியபின், எல்லாவற்றையும் அப்பா ஒரு தாராவோடு காப்பாற்றித் தந்திருக்க, நான் அதைத் திரும்பக் கொண்டுபோய்த் தொலைக்கிறேனா என்று இருந்தது.

பதில் உடனே வந்தது. “அதை நான் விடியவே சொல்லிப்போட்டன். அம்மா தலையிடி எண்டு படுத்திருக்கிறா. பக்கத்தில இருந்து, ஊர்ப்பேரைப் போடுறதுதான் நியாயம் எண்டு அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இண்டைக்கு அவர் எங்கட பக்கம்.”