பச்சை நாடா கட்டியவள்

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவளாக்க வேண்டாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் இருபத்திரண்டு வருடமாக மருத்துவிச்சி. எந்த லயத்து வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. வந்த மாதமே ஆட்கள் 'டொக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் டொக்டர் இல்லை. அதை நாலு பேரிடம் சொல்லியும் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. நான் மட்டும் 'இந்தாம்மா' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவளோ என்னை வாய் நிறைய 'அக்கா' என்பாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நுவரெலியாவில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். பஸ் புரண்டால், மண் சரிந்தால், குளவி கொட்டினால், ஒரே நேரத்தில் நிறையப் பேர் அடிபட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்களாம். வரும் வழியில் ஹட்டனில் இறங்கி மூன்று நிறத்தில் நாடா வாங்கிவந்தாள். சிவப்பு கட்டியவர்கள் முதல் லொறியில் பெரியாஸ்பத்திரிக்கு. மஞ்சள் கட்டியவர்கள் அடுத்த லொறியில். பச்சை என்றால் லேசான காயம், மருந்து போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கழுத்தில் விசில் வேறு. தோட்டத்தை நடத்தும் துரை அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இனிமே ஏதும் நடந்தா இந்த மிஸ் சொல்றதத்தான் எல்லாரும் கேக்கணும்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் இந்தத் தோட்டத்துத் துரைமார் யாரும் என்னிடம் நின்று பேசியதில்லை. ஒருவர் மட்டும் ஒரு தடவை, வாசலில் இருந்த குடை யாருடையது என்று கேட்டார்.

காலையில் பேர் வாசிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு நாடா கட்டி ஒத்திகை வைத்தாள். பச்சைக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. "அக்கா பேச்சத்தான் கேப்பாங்க" என்று காரணம் சொன்னாள். நன்றாக இருப்பவர்களுக்கு ஒரு காவல்! தேத்தண்ணி வாளியோடு நின்றேன். சிவப்பு கட்டியவர்கள் ஈரத் தரையில் படுத்துக் கிடக்க, பச்சை கட்டியவர்கள் தேத்தண்ணியும் பணிசும் வாங்கிக்கொண்டு லயத்துக்கு நடையைக் கட்டினார்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டார்கள்: பச்சை கிடைத்தால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு பெண்கள் மறைவாக நாடாவை மாற்றிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். நான் அவளிடம் சொல்லவில்லை. படித்தவள்தானே, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். காலை பத்து மணி இருக்கும், ஐந்தாம் நம்பர் மலையில் குளவிக் கூடு கலைந்தது. கூடைகளை அப்படியே போட்டுவிட்டு முப்பது பேருக்கு மேல் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடிவந்தார்கள். அழுகையும் கூச்சலும். அவள் விசில் ஊதி எல்லோரையும் உட்காரவைத்தாள். ஒவ்வொருத்தியின் மூச்சையும் நாக்கையும் பார்த்தாள், நாடாவைக் கட்டினாள், நகர்ந்தாள். நான் உள்ளுக்குள் அசந்துபோனேன். அசந்துபோனதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

அப்போதுதான் ஒரு பிள்ளைக்காரி மஞ்சள் நாடாவோடு என் பக்கம் வந்தாள். ஆறு மாதக் குழந்தையின் தாய். அந்தக் குழந்தையை உலகத்துக்கு எடுத்ததே நான்தான். காதோரமும் கழுத்தும் தடித்துக் கிடந்தன. வந்தவள் மஞ்சளை அவிழ்த்து, பச்சை கட்டியிருந்த ஒரு வயதான பெண்ணின் கையில் திணித்துவிட்டு அவளுடைய பச்சையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"பால் நேரம்மா. புள்ள மடுவத்துல கத்திக்கிட்டு கெடக்கும். குடுத்துட்டு ஓடி வந்துர்றேன்."

எங்கள் தோட்டத்தில் அது வழக்கம்தான். பத்து மணிக்குக் கைக்குழந்தைக்காரிகள் மலையிலிருந்து இறங்கி, ஆயா குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் போய்ப் பால் கொடுப்பார்கள். ஆனால் குளவி கொட்டியவளை நடக்கவிடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒன்றுமில்லாத அந்த வயதானவளை லொறியில் ஏற்றி அனுப்பி, ஆஸ்பத்திரியில் அவர்கள் சிரித்து, துரை காதுவரைக்கும் அவள் தப்பு போகும் என்றுதான் என் புத்தி ஓடியது.

"போ" என்றேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேலேயிருந்து பிள்ளை மடுவத்து ஆயா கத்தும் சத்தம் கேட்டது. நான் படியேறி ஓடினேன். பால் கொடுத்து முடித்து எழுந்தவள் வாசலில் விழுந்துகிடந்தாள். உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஊசி! ஊசி கொண்டா!" என்று கத்தினேன். கீழேயிருந்து அவள், கழுத்தில் விசில் ஆட, மருந்துப் பெட்டியோடு ஓடிவந்து தொடையில் ஊசி போட்டாள். பிள்ளைக்காரியை ஏற்றிக்கொண்டு கொழுந்து லொறி கிளம்பும்வரை நான் பிடித்த காலை விடவில்லை. உயிர் பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

மறுவாரம் பெரட்டில் துரை என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கைதட்டினார். "அக்கா மட்டும் கத்தலன்னா அந்தப் புள்ள இல்ல சார்" என்று சொன்னது அவள்தான். இத்தனை வருடம் ஏங்கிய கைதட்டல். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே டிஸ்பென்சரியில் அவள் அழுதாள். "அவ கையில பச்ச இருந்திச்சிக்கா. மஞ்சள் கட்ட வேண்டியவளுக்கு நான் பச்சயக் கட்டியிருக்கேன். என் கண்ணு எப்பிடிக்கா ஏமாந்திச்சு?" விசிலைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். இனிமேல் நீங்களே நடத்துங்கள் என்றாள். இடமாற்றம் கேட்டுக் கடிதமும் எழுதப்போவதாகச் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை போதும், அவள் அழுகை நின்றிருக்கும். விசிலை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த கிளினிக் நாளில் அந்தப் பிள்ளைக்காரி குழந்தையை நிறுக்கக் கொண்டுவந்தாள். எதிர் மேசையில் அவள் இடமாற்றக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள். நான் குழந்தையைத் தராசில் வைத்தேன்.

"நெறைய நாளா சொல்லணும்னு இருந்தேம்மா" என்றாள் பிள்ளைக்காரி. "அன்னைக்கு நான் மஞ்சள மாத்துனதப் பாத்தும் நீங்க தடுக்கல. போன்னு விட்டீங்க. பெத்தவ மனசு ஒங்களுக்குத்தாம்மா தெரிஞ்சிச்சு." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எதிர் மேசையில் பேனா நின்றுவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வெளியே போகும்வரை அவள் நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை, கேள்வி மட்டும்தான் இருந்தது.

"பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன், டொக்டரம்மா" என்றேன்.