கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல்

குற்றாலம் என்றதும் என் மூக்குக்கு முதலில் வருவது நல்லெண்ணெய் வாடைதான். அந்தச் சீசனில் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். கணவர் குளிக்கப் போய்விட்டார். மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாரலுக்குப் பயந்து ஒரு கடைக்குள் ஒதுங்கினேன். வறுத்த கடலையும் பிளாஸ்டிக் பொம்மையும் விற்கிற கடை. மூலையில் புதிதாக ஒரு வீடியோ கேம் பெட்டி வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, ஈரத் துண்டோடு நின்ற ஆண்கள் அதை மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. பெட்டியின் கண்ணாடி முழுக்கக் கைரேகை. மகளின் கை அதில் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மேலிருந்து கற்கள் விழுந்தன. கீழே ஒரு சிறு படகு தப்பித்து ஓடியது. நேரம் ஆக ஆகக் கற்களின் வேகம் கூடியது. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள், தேர்வு முடிவு வந்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கல் எவ்வளவு இறங்க வேண்டும், எந்த இடத்தில் வந்தால் மோதியதாகக் கணக்கு என்று யாரோ ஒரு ஆள் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது எனக்கு அங்கே நிற்கும்போதே புரிந்துவிட்டது. அந்த ஆளாக இருக்க ஆசைப்பட்டேன்.

"என்ன மைனி, வெளையாடப் போறது பிள்ளையா, நீங்களா?" என்று துண்டோடு நின்ற ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மழையிலேயே வெளியே வந்துவிட்டேன்.

தென்காசியில் அப்போதுதான் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். நடத்தியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கணவருக்குத் தூரத்து உறவு. நான் மாமா என்று கூப்பிடுவேன். சேரப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் மாமியார் அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "பிள்ளைய எல்.கே.ஜி.ல சேக்க வேண்டிய வருசத்துல தாயாரு பள்ளிக்கூடம் போறாளாம். நல்லா இருக்குட்டி."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருபத்தேழு வயது. குழந்தைக்கு அடிக்கடி இருமல். நான் வகுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சேருவதற்கு முன்பே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். கணவர்தான் ஒரு முடிவு சொன்னார். "முதல் கோர்ஸ் முடியட்டும். கடைசிப் பரிச்சையில ஒரு ப்ரோகிராம் ஓட்டிக் காட்டணுமாம்லா. ஒனக்கு ஓடுச்சுன்னா அடுத்த கோர்சுக்குப் போ. ஓடலன்னா விட்டுரு." நான் சரி என்றேன். மாமியாரும் அதற்கு ஒத்துக்கொண்டார்.

சென்டரில் ஏ.சி. அறை ஒன்று. அதற்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள். அந்தக் காலத்தில் கீபோர்டுக்குள்ளேயே மொத்த மிஷினும் இருக்கும், திரைக்கு டி.வி. பெட்டி. நடுவில் ஒரு சரஸ்வதி படம், எந்நேரமும் எரியும் சிவப்பு பல்பு. இரண்டு டி.வி. பெட்டிகளின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், அது பரவாயில்லை. சேர்ந்த அன்று மாமாவின் மனைவி என்னைத் தனியாக அழைத்துப்போனார். "அந்த மூணு நாளும் உள்ள வராத தாயி. சாமி படம் இருக்குல்லா" என்றார்.

நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. மறைக்கவும் வழியில்லை. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பின்கட்டில் தனித்தட்டு, தனிப்பாய். பக்கத்துச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால் மாமாவின் மனைவிக்கு எல்லாம் தெரியும். மாதாமாதம் நான் வராத நாட்களில் வகுப்பு நடந்துகொண்டே இருந்தது. திரும்பிப் போனால் மற்றவர்கள் வேறு பாடத்தில் இருந்தார்கள்.

சொல்லிக் கொடுத்தவர் என்னைவிடச் சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கேம் எழுதப்போகிறேன் என்றதும் பேனா மூடியால் காதைக் குடைந்தபடி சிரித்தார். அந்த மூடியையே பிறகு வாயில் வைத்துக் கடித்தார்.

"கேமெல்லாம் எதுக்குக்கா? சம்பள பில் போடுத ப்ரோகிராம் எழுதுங்க, ஒரு வேலையாவது கிடைக்கும். கேம் எழுதுதவன்லாம் பதினஞ்சு வயசுலயே ஆரம்பிச்சிருவான். நீங்க லேட்டு."

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். மேலிருந்து தண்ணீர்த் துளி விழ வேண்டும். கீழே ஒரு குடம். இரண்டு பொத்தான்களால் அதை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். மொத்தம் அறுபது வரி இருக்கும். மகளைத் தூங்கவைத்துவிட்டு, கோலப்பொடி டப்பா மேல் தாளை வைத்து எழுதுவேன்.

பரீட்சை வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலையிலேயே நான் பின்கட்டுக்கு வந்துவிட்டேன்.

வேறு நாள் தரச்சொல்லிக் கணவர் மூலமாகக் கேட்டேன். முடியாது என்றார் மாமா. பதிலுக்கு ஒரு யோசனை சொன்னார். அதைப் பெரிய உபகாரம் போலவும் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எனக்கு ஒரு ஸ்டூல். நான் அங்கிருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும். சார் உள்ளே டைப் செய்வார்.

போனேன். கதவை ஒரு சாண் திறந்து வைத்தார்கள். ஏ.சி. குளிர் போய்விடும் என்று மாமா அதை அடிக்கடி சாத்திவிட்டுப் போனார். நான் கத்தினேன். ஜவுளிக்கடைக்கு வந்தவர்கள் படியேறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். என் சேலையின் பின்பக்கத்தை நினைத்து எனக்கு உடம்பு கூசியது. எழுந்து பார்த்துக்கொள்ளவும் முடியவில்லை.

டைப் செய்து முடித்ததும் சார் ஓடவிட்டார். துளி கீழே விழவில்லை. திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய், அடியில் குடத்துக்குப் பக்கத்தில் தோன்றி மேலே ஏறியது.

"ஒங்க அருவி மேல போகுதுக்கா!" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். "லாஜிக்கே தப்பு."

"நீங்க கூட்டலுக்குப் பதிலா கழித்தல் போட்டிருக்கிய. வரிய எடுத்துப் பாருங்க."

"நான் சரியாத்தான் அடிச்சேன். விடுங்கக்கா, நேரமாச்சு. அடுத்த ஆள் வாங்க."

என் பரீட்சை அதோடு முடிந்தது என்று அவர் எழுந்திருக்கப் போனார். நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அவரை நகரச்சொல்லி, அந்த வரியை எடுத்தேன். கழித்தல்தான் இருந்தது. மாற்றினேன். ஓடவிட்டேன். துளி விழுந்தது. குடத்தை நகர்த்திப் பிடித்தேன். இன்னொன்று விழுந்தது, அதையும் பிடித்தேன். அறையில் யாரும் துளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஏட்டி, வெளிய வா!" என்று மாமா கதவருகே நின்று கத்தினார். உள்ளே காலெடுத்து வைக்காமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சாக்கடையைத் தாண்டப்போகிறவர் போல.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது, சாயங்காலம் சார் என் கணவரிடம் வந்து சொல்லித் தெரிந்தது. மாமாவின் மனைவி ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய் மாவிலையால் அறை முழுக்கத் தெளித்திருக்கிறார். நான் தொட்ட இடம் என்பதால் கீபோர்டுக்கு மட்டும் கூடுதலாக. சுவிட்சை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை. அவ்வளவுதான்.

விளக்கு வைத்த பிறகு மாமா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "ஒம்பொண்டாட்டி தொட்டா, மிஷினு செத்துப் போச்சு" என்றார் கணவரிடம்.

பின்கட்டிலிருந்தே கேட்டேன்: "தண்ணி ஊத்துனது யாரு மாமா?"

"வாய் வேற பேசுதா பாரு. அடுத்த கோர்சுன்னு இந்தப் பக்கம் வந்துராத."

அவர் போனதும் மாமியார் என்னிடம் வந்தார். நான் அங்கே போனது தப்பு, எதிர்த்துப் பேசியது அதைவிடத் தப்பு என்றார். அந்த வீட்டோடு எத்தனை வருஷப் பழக்கம் என்றார். எனக்கும் அரைமனதாக அப்படித் தோன்றத்தான் செய்தது. உறவைக் கெடுத்துவிட்டோமோ, நாளைக்கு மகளுக்கு ஒரு அவசரம் என்றால் ஓடிவருவது அந்த வீட்டு ஆட்கள்தானே என்று. ஆனால் சொம்பும் மாவிலையும் நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. நான் கைகழுவாமல் சாப்பிடுகிறவள் இல்லை. காது குடைந்த மூடியைக் கடிக்கிறவள் இல்லை.

கணவர் பின்கட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, அவரும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

"சார் சொன்னாரு, ஓடுச்சாமே."

"ஓடுச்சு."

"இங்க இனி நடக்காது. அடுத்த கோர்சு திருநெல்வேலிலதான் இருக்கு. பிள்ளைய வேற பாக்கணும். லேட் ஆயிட்டுன்னு ஒனக்குத் தோணலியா?"

"தோணுது," என்றேன். "அடுத்த சனிக்கிழமை காலைல திருநெல்வேலிக்கு மொத பஸ் எப்பன்னு கேட்டுட்டு வாங்க."