அக்கா வந்து போக ஒரு வரி

அப்பா போன பிறகு ஸ்ரீரங்கம் வீடு எனக்கும் அக்காவுக்கும் பொதுவாக வந்தது. திருவெறும்பூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா, நான் கேட்காமலேயே சொன்னாள்: "எனக்கு எதுக்குடா பங்கு? விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்லு, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்." கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

பத்திரம் எழுதுகிறவர் மூலப்பத்திரம் கேட்டார். தாத்தா இந்த வீட்டை வாங்கியபோது எழுதியது. மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார். நான்கு பக்க எல்லை, கொல்லைக் கிணறு, இரண்டு தென்னை. கடைசியில் ஒரு வரி: மேலண்டை வீட்டாரும் அவர்கள் வாரிசுகளும் கொல்லை வழியாக வந்து கிணற்றில் தண்ணீர் எடுத்துப் போகப் பாத்தியம் உண்டு.

அக்கா நிமிர்ந்தாள். "பாத்தியா! பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக்கூட வந்து போக எழுதியிருக்கு. எனக்கு?"

"உங்களுக்கு என்னம்மா எழுதணும்?"

"வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு வருவேன், ரெண்டு நாள் தங்குவேன். அத எழுதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "விடுதலைன்னா முழுசா விடுதலைம்மா. இப்படி ஒரு வரி சேத்தா நாளைக்கு வில்லங்கம்பாங்க."

"நானா வில்லங்கம்?" என்று அக்காவும் சிரித்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது. "நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு எழுதி வேற வாங்கிக்குவியாக்கா?"

"இனிமே உன் வீடுடா. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

அந்த வரி இல்லாமலேயே பத்திரம் எழுதி முடிந்தது. பத்திர ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தால் காதுக்கு நல்ல தீனி கிடைக்கும். "இவங்க கூப்பிடறதுக்குள்ள ஒரு கல்யாணத்தையே முடிச்சிடலாம்" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். வேறொரு நாளாக இருந்தால் அவரிடம் பேச்சுக் கொடுத்திருப்பேன். அன்று முடியவில்லை.

"சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களா?" என்று பதிவாளர் கேட்டார்.

"சம்மதந்தாங்க." கைரேகை எந்திரம் மூன்று முறை அவள் விரலை ஏற்கவில்லை. "ரேகையெல்லாம் பாத்திரத்தோட போயிடுச்சு சார்" என்றாள். நாலாவது முறை ஏற்றது.

பட்டா என் பேருக்கு மாறி வந்தது. மார்கழியும் வந்தது.

எப்போதும் ஏகாதசிக்கு முந்தின நாள் மத்தியானம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வந்து இறங்குவாள். தெருவிலிருந்தே "காப்பி இருக்கா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போய்விடுவாள். இந்த முறை பெல் அடித்தது. கூரியர் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், பையும் கையுமாக அக்கா.

"என்னக்கா, பெல்லெல்லாம்?"

"கேட்டுட்டுத்தானே வரணும்." சிரிக்காமல் சொன்னாள்.

நான் பையை வாங்கக் கை நீட்டினேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "அண்ணியா? பால் பொங்குது அண்ணி, என் கையெல்லாம் மாவு, ஓடி வாங்க!"

பையை என்னிடம் திணித்துவிட்டு, ஒரு செருப்பை வாசலிலும் இன்னொன்றை நடையிலும் உதறிவிட்டு அக்கா ஓடினாள். "இந்த வீட்டுல அடுப்பச் சின்னதா வெக்க ஒருத்தருக்கும் தெரியாதா?" என்று உள்ளே ஆரம்பித்துவிட்டாள்.

பையைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். இரண்டு நாளுக்கான கனம் இல்லை.