கரியாலூர் – கள்ளக்குறிச்சி பாசஞ்சர்

எங்கள் வீட்டு ஹாலில் ரயில் கேட் மூடியிருந்தால் நான் சமையலறைக்குப் போக முடியாது. கேட் என்பது ஒரு குழம்புக் கரண்டி. யுகேஜி படிக்கும் என் மகள் அதை இரண்டு டப்பாக்களின் மேல் குறுக்கே வைத்திருப்பாள். ரயில் எங்கே என்று கேட்டால், "வரும்ப்பா, நில்லு" என்பாள். அந்த ரயிலுக்கு அப்போது பேட்டரிகூடப் போட்டிருக்கவில்லை. வயிற்றைக் கிள்ளும் பசியோடு, கையில் காலித் தட்டோடு, பேட்டரி இல்லாத ரயிலுக்காக என் சொந்த வீட்டில் நான் காத்து நின்றிருக்கிறேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் தாண்டிப் போய்விட்டேன். கேட் மூடியிருக்கும்போது பைக்கைச் சாய்த்து அடியில் நுழைகிற ஊர்க்காரன்தானே நானும். பிடிபட்டேன். தண்டனையாக என்னையே கேட்கீப்பராகப் போட்டுவிட்டாள்.

இதெல்லாம் என் வாயால் வந்த வினை. என் மனைவி கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதலில் தினமும் எங்கள் ஊரான கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் போய்வந்து பார்த்தாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்து, பாடம் நடத்த வேண்டியவள் பெஞ்சில் படுத்துக்கிடந்தாள். அதனால் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டில் என் மகள் அழுகிற அழுகையில் கண்டக்டரே விசில் ஊதத் தயங்குவார்.

நான் உரக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் கடைக்கு வந்து யூரியா மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், "அப்பா, மலைக்கு ரயில் வுட்டா அம்மா ரயில்ல வருமா?" என்று கேட்டாள். எதிரே ஒருவர் டிஏபி உரம் இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தார். நான் யாரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று தெரியாமலே, "வரும், வரும்" என்றேன். டிஏபி கேட்டவர் நம்பவில்லை. என் மகள் நம்பிவிட்டாள்.

பொம்மைக் கடையில் ரயில் செட் ஒன்று வாங்கினோம். ஒரு எஞ்சின், இரண்டு பெட்டிகள், கறுப்பு பிளாஸ்டிக் தண்டவாளம். தண்டவாளத் துண்டுகளில் முக்கால்வாசி வளைந்தவை. அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து நான் அழகாக ஒரு வட்டம் போட்டேன். மகள் வந்து பார்த்தாள். பிரித்துப்போட்டாள். மறுபடி போட்டேன். மறுபடி பிரித்தாள்.

"வட்டம் வேணாம். நேரா போடு."

"நேரா போட்டா கொஞ்ச தூரம் போய் நின்னுடும்டி. இது சுத்திச் சுத்தி ஓடற ரயில்."

"அன்னிக்கு சின்னசேலம் டேஷன்ல பாத்தமே, அந்த ரயிலு சுத்திச் சுத்தியா ஓடுச்சி?"

சின்னசேலத்தில் நாங்கள் பார்த்த ரயில் சேலத்தைப் பார்த்து நேராகத்தான் போனது. நேர்த்துண்டுகள் போதாமல் அதே செட்டை இன்னும் ஒன்று வாங்கினேன், பிறகு இன்னொன்று. கடைக்காரர் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். வளைந்த துண்டுகளை எல்லாம் அவள் ஒரு கட்டைப்பையில் போட்டு, அலமாரியின் பின்னால் ஒளித்து வைத்தாள். ஏன் ஒளிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பிடிவாதத்தில் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதை முடிவானது. வாசல் கதவின் ஓரம், செருப்பு ஸ்டாண்டு பக்கம் சின்னசேலம். ஹாலின் நடுவில் கரியாலூர். டிவிக்குக் கீழே கள்ளக்குறிச்சி. ரயில் நிற்க பிரேக் கிடையாது என்பதால் கள்ளக்குறிச்சியில் ஒரு தலையணை வைத்தோம். எஞ்சினுக்கு ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் முன்னால் போகும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். பின்னோக்கியும் ஓடுகிற எஞ்சின் கொஞ்சம் கூடுதல் விலையில் இருந்தது, அதை மாற்றி வாங்கலாமா என்றதற்கு அவள் பட்டென்று வேண்டாம் என்றுவிட்டாள். சிக்கனமான பிள்ளை என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மலை கட்டுவதுதான் பெரிய வேலை. உர விற்பனைப் பிரதிநிதிகள் வருஷா வருஷம் கொடுத்துவிட்டுப் போகும் காலண்டர்களின் அட்டைகள் கடையில் குவிந்து கிடந்தன. அவற்றை அடுக்கி, படிப்படியாக உயர்த்தி, மேலே என் மனைவியின் பழைய பச்சைப் புடவையைப் போர்த்தினோம். கல்வராயன் மலை எழும்பியது. அருவி இல்லாமல் கரியாலூரா என்று கேட்டாள். என் நீலக் கட்டம் போட்ட லுங்கியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அருவி விட்டோம். அது நல்ல லுங்கி.

வியாழக்கிழமை வெள்ளோட்டம். சின்னசேலத்தில் பட்டனை அமுக்கினாள். எஞ்சின் உறுமிக்கொண்டே போய், காலண்டர் மேட்டில் முக்கி முனகி ஏறி, கரியாலூரைத் தொட்டு, மறுபக்கம் சறுக்கி, கள்ளக்குறிச்சித் தலையணையில் மூக்கை முட்டி நின்றது. நான் கை தட்டினேன். அவள் தட்டவில்லை.

"அம்மா ஏறலியே. இது கணக்குல வராது" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அண்ணன் வந்தார். எலவனாசூர்கோட்டையில் விவசாயம் பார்ப்பவர். கத்தரிக்காய், முருங்கைக்காய் எதையாவது கொண்டுவந்து போட்டுவிட்டு, டிவி பக்கத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அன்று நாற்காலிக்கு முன்னால் தண்டவாளம் முடிந்து கிடப்பதைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த ஊர்க்காரர் விழித்துக்கொண்டார்.

"இன்னாடா, கள்ளக்குறிச்சியோட நிறுத்திட்டீங்க? இன்னும் நாலு துண்டு போட்டா எங்க ஊரு வந்துடுமே. என் நாற்காலிதான் எலவனாசூர்கோட்டை."

"என்னைக் கேக்காதண்ணா. அதிகாரி அங்க இருக்கறாங்க" என்று மகளைக் காட்டினேன்.

அதிகாரி யோசிக்கவே இல்லை. "முடியாது பெரிப்பா. அங்க வரிக்கும் போட்டா அம்மா தூங்கிக்கினே உங்க ஊருக்குப் போய்டும். ரயிலு இங்கியே நின்னுடணும்."

"அப்ப நாங்க இன்னா பண்றது?"

"நீங்க பஸ்ல போங்க."

அண்ணன் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆனால் உடனே வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். புது வண்டிக்குப் பூசை போட்டீர்களா என்றார். பொம்மைக்கு எதற்குப் பூசை என்று நான் கேட்டது தவறாகப் போயிற்று. டிராக்டர் வாங்கியபோது பூசணிக்காய் உடைத்ததையும், பூசை போடாமல் ஓட்டிய எவனோ மறுவாரமே வாய்க்காலில் இறங்கியதையும் சொல்லி என் மகளின் கண்ணை அகல வைத்துவிட்டார். "எங்கம்மா வர்ற வண்டி. பூச போடுங்க பெரிப்பா" என்றாள்.

போட்டார். எஞ்சினுக்கு முன்னும் பின்னும் சந்தனம், குங்குமம். புகைபோக்கியில் மல்லிகைச் சரம். எந்தச் சக்கரத்தையும் விடக்கூடாதென்று, சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்தார். சூடம் காட்டினார். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டிய கட்டத்தில்தான் சிக்கல் வந்தது. எலுமிச்சம்பழம் எஞ்சினைவிடப் பெரியதாக இருந்தது. ரயில்தான் பழத்தின் அடியில் போக வேண்டும். அண்ணன் அசரவில்லை. சமையலறைக்குப் போய்ச் சுண்டைக்காய் ஒன்றை எடுத்துவந்தார். சக்கரம் அதிலும் ஏறவில்லை. கடைசியில் அண்ணனே கட்டைவிரலால் சுண்டைக்காயை நசுக்கி, "சகுனம் நல்லா இருக்குது" என்று அறிவித்தார்.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. என் மனைவி, மலையிறங்கி வந்த களைப்பில் முகம் வெளுத்து, தோளில் பையோடு உள்ளே கால் வைத்தாள்.

"அம்மா, நில்லு! வூட்டுக்குள்ள வராத!" என்று கத்தினாள் மகள்.

ஐந்து நாளாகப் பிள்ளையைப் பார்க்காத தாய் அப்படியே நின்றுவிட்டாள். "இன்னாடி ஆச்சி? வந்துட்டேனே!"

"நீ பஸ்ல வந்திருக்க. அது வேணாம். கரியாலூர்ல போய் உக்காரு. ரயிலு வரும். அதுல வா."

நான் சைகையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டு, ஹாலின் நடுவில் காலண்டர் மலைக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவு பாடுபட்டு இறங்கிவந்த ஊருக்கே மறுபடி ஏற்றப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மகள் சின்னசேலத்தில் பட்டனை அமுக்கினாள். எஞ்சின் உறுமியது. ஒரு சாண் போய், தொண்டையில் ஏதோ சிக்கியது போல இருமி, மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. முந்தின நாள் ஏறிய மேட்டில் இன்று ஏற மறுத்தது. எடுத்துப் பார்த்தேன். சக்கர அச்சு முழுக்கச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

அண்ணனைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஈர்க்குச்சியால் சுரண்டினோம். ஊதினோம். மேலே இருந்ததுதான் வந்தது, உள்ளே போனது வரவில்லை. கையில் தூக்கி மலைமேல் வைத்துவிடலாம் என்றேன். "கையில தூக்கினா அது ரயிலாப்பா?" என்று மகள் கேட்டபோது அவள் உதடு துடித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூசைமேல், பொம்மைக் கடைமேல், யூரியா மேல், எல்லாவற்றின் மேலும். கரியாலூரில் இருந்தவளுக்குப் பசி. நான் காபி போட்டு எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்க மகள் உத்தரவு கொடுக்கும்வரை நின்று, பிறகு மலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசியில் அண்ணன்தான் வழி சொன்னார். காட்டைச் சமன்படுத்தியே பழகிய மனிதர். "வண்டி ஏறலன்னா இன்னா? மேட்டக் கொறைச்சிடு."

மலையை வெட்ட ஆரம்பித்தோம். இரண்டு காலண்டரை உருவினோம், ஏறவில்லை. இன்னும் இரண்டு. இன்னும் நாலு. கல்வராயன் மலை கண்ணெதிரே குட்டையாகிக்கொண்டே வந்தது.

"மாமா, எங்க மலைய வெட்டிக்கினே போறீங்களே, அருவி இன்னா ஆவறது?" என்றாள் என் மனைவி.

"ஆறா ஓடட்டும்மா" என்றார் அண்ணன், லுங்கித் துண்டைத் தரையில் நீட்டிவிட்டு.

கடைசிக் காலண்டரையும் எடுத்த பிறகு, சமதரையில் கிடந்த பச்சைப் புடவை ஓரமாக எஞ்சின் தள்ளாடித் தள்ளாடி நகர்ந்து கரியாலூருக்கு வந்து சேர்ந்தது. மகள் அதை நிறுத்தி, அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பெருசா இருக்க. உன் கிளிப்ப குடு. அது உள்ள உக்காரட்டும். நீ கூடவே வா."

என் மனைவி கூந்தல் கிளிப்பைக் கழற்றி முதல் பெட்டியில் வைத்தாள். சிவப்புக் கிளிப். மகள் பட்டனை அமுக்கினாள். ரயில் நகர, பக்கத்திலேயே அவள் மண்டியிட்டுத் தவழ்ந்து வந்தாள், தலைமுடி முகத்தில் விழ. அண்ணன் விசில் அடித்தார். நான் கேட்டை மூடிக்கொண்டு, என் பதவிக்குரிய மிடுக்கோடு நின்றேன். எஞ்சின் தலையணையில் மெதுவாக முட்டியது. கள்ளக்குறிச்சிக்கு ரயில் வந்துவிட்டது. மகள் அப்போதுதான் ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நல்ல ரயிலு. வாந்தியே வரல" என்றாள் என் மனைவி, அவள் தலையைக் கோதிக்கொண்டே. "ஞாயித்துக்கெழம இதுலியே திரும்பிப் போய்டறேன், சரியா?"

மகள் சிரித்தாள். பெரியவர்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்கிற சிரிப்பு.

"போவ முடியாதும்மா. இதுல பின்னாடி போற பட்டன் இல்ல. வட்டமாவும் போடல. அந்த வளைஞ்சதெல்லாம் நான் ஒளிச்சி வெச்சிட்டேன். வந்தா வந்ததுதான்."

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற அண்ணன் ஈர்க்குச்சியை எடுத்து, சுத்தமாக இருந்த ஒரு சக்கரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. கேட்டைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது மகள் வரமாட்டேன் என்றாள். அழவில்லை. "நீங்க போங்க. ரயில்ல வந்த அம்மா இங்கதான் இருக்குது" என்று டிவிக்கு அடியில் காட்டினாள். பெட்டியில் சிவப்புக் கிளிப் உட்கார்ந்திருந்தது. அவளை, அன்றும் வந்திருந்த அண்ணனிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போனோம். என் மனைவி ரப்பர் பேண்டால் முடியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் எங்கள் பின்னால் தேடிப் பார்த்துவிட்டு, "பாப்பா வரலீங்களா?" என்றார்.

மலை ஏறிச் சேர்ந்ததும் அவள் போன் செய்தாள். ரப்பர் பேண்டு அறுந்துவிட்டதாம். "அந்தக் கிளிப்ப நாளைக்குக் காலைல வர்ற பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்புங்க. வாங்கிக்கறேன்."

எங்கள் பக்கம் மலைக்கு எல்லாம் அப்படித்தான் போகும். மருந்து, சாவி, மறந்துபோன மூக்குக்கண்ணாடி. நான் கிளிப்பைப் பார்த்தேன். பக்கத்தில் மகள் குப்புறப் படுத்து, கன்னத்தில் கைவைத்து, அதனிடம் பள்ளிக்கூடக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அனுப்ப முடியாது. அது ரயில்ல வந்தது" என்றேன்.

மலையில் அவள் முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொள்ளும் வளையல் சத்தம் போனில் கேட்டது.

"சரிங்க. அது அங்கியே இருக்கட்டும்."