மாதேவியின் மைசூர்பாகு பஜ்ஜி

மாதேவிக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. மார்டள்ளிக் கிராமத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த புதிதில், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைச் சுவர் எழும்பியபோது, இரண்டு பேர் சுமக்க வேண்டிய செங்கல்லை ஒருத்தியாகச் சுமந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள் அவள். கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் சித்தாள் வேலையை விட்டாள். தசராப் பொருட்காட்சியில் தகரக் கூரை போட்ட சின்னக் கடையொன்றைப் பிடித்து மிளகாய் பஜ்ஜி போட உட்கார்ந்தாள். புருஷன் ஜடையன் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். காய்களை விடிகாலையிலேயே வாங்கி வைத்து, சாயங்காலம் கடைக்குக் கொண்டுவந்து, மாவையும் கரைத்துக் கொடுப்பான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், பொருட்காட்சி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். வயதான தம்பதி ஒன்று அவள் கடைமுன் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தது. அவர் நஞ்சுண்டசாமி, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் சித்தம்மா. அவருக்கு இனிப்பு வேண்டும், அம்மாளுக்குக் காரம் வேண்டும். வருஷா வருஷம் ஆளுக்கொரு வரிசையில் நின்று, ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டுத் தேடுவதே அவர்களுக்குப் பொருட்காட்சி.

நஞ்சுண்டசாமி கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். உள்ளே மைசூர்பாகு.

“இதை உன் மாவுல முக்கிப் போடும்மா. உள்ள எனக்கு, வெளிய அவளுக்கு. ஒரே எடத்துல நின்னு தின்னுட்டுப் போறோம்.”

“இந்த மனுஷனுக்கு வேற கெலசமே இல்லம்மா, நீ கேக்காதே,” என்றார் சித்தம்மா.

மாதேவி மைசூர்பாகை விரலால் அழுத்திப் பார்த்தாள். நெய் கசிந்தது. “எண்ணையில கரைஞ்சு போயிருமுங்க,” என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, போட்டுத்தான் பாப்பமுங்க,” என்றாள்.

எண்ணெயில் விழுந்த வேகத்தில் மாவு வெடித்தது. பாகு இளகி வெளியே ஓடி, சர்க்கரை கருகி, சட்டி முழுக்கக் கரும்புள்ளிகள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சட்டி எண்ணெய் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. ஜடையன் பல்லைக் கடித்தான்.

“கேக்கறவங்க ஆயிரம் கேப்பாங்க. உனக்குப் புத்தி எங்க போச்சு?”

நஞ்சுண்டசாமி தலைகுனிந்து நின்றார். “தப்பு நம்மதுதான்ம்மா,” என்றார்.

“தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாளைக்கு வாங்க. ஆனா இந்த நெய் ஒழுகறது வேண்டாம். கெட்டியா, பொடிப்பொடியாத் துளை இருக்குமே, அதை வாங்கிட்டு வாங்க.”

மறுநாள் பகலெல்லாம் அவளுக்கு அதே யோசனை. சூடு உள்ளே போவதற்குள் மேல்மாவு வெந்துவிட வேண்டும். அதற்கு உள்ளிருப்பது சில்லென்று இருக்க வேண்டும். பக்கத்தில் சர்பத் கடை வைத்திருந்த லிங்கப்பனிடம் போய், “அண்ணா, உங்க ஐஸ் பெட்டியில கொஞ்சம் எடம் குடுங்க,” என்றாள். கடலை மாவோடு அரிசி மாவை ஒரு பங்கு கூட்டி, மிளகாய்த்தூளைத் தாராளமாகப் போட்டு, கரண்டியில் ஒட்டி நிற்கும் பதத்துக்குக் கரைத்தாள். தம்பதி கொண்டுவந்த கெட்டி மைசூர்பாகை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி ஐஸ் மேல் வைத்தாள். அவை கல்லாக இறுகியதும் மாவில் இரண்டு தடவை முக்கி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் விட்டு, பொன்னிறம் வந்ததும் அரித்து எடுத்துவிட்டாள்.

முதல் துண்டை சித்தம்மாவிடம்தான் கொடுத்தாள். மேலே மொறுமொறுப்பு, நாக்கில் சுள்ளென்ற காரம், பிறகு உள்ளேயிருந்து மெல்ல வந்த இனிப்பு. சித்தம்மா அதை முழுசாகத் தின்று முடித்தார். இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.

“எப்படி இருக்கு?” என்றார் நஞ்சுண்டசாமி.

“காரம் நல்லா, சென்னாகிருக்கு.”

“இனிப்பு?”

“அது உங்க பாடு.”

ஜடையன்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தான்.

அந்தத் தம்பதியைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள், பிறகு பத்துப் பேர். கல்லூரிப் பிள்ளைகள் வீம்புக்கு பிஸ்கட், பன், பலாச்சுளை எல்லாம் கொண்டுவந்து பொரிக்கச் சொன்னார்கள். பலாச்சுளை அருமையாக வந்தது. பன் எண்ணெய் குடித்தது. ஒருவன் கோழித் துண்டோடு வந்தபோது மட்டும், “சைவம் சாப்புடறவங்களும் இதே எண்ணையிலதானுங்க சாப்புடறாங்க, தம்பி,” என்றாள். அதுவும் முடியாது என்ற சொல்லில்லாமல் சொன்னதுதான். லிங்கப்பனுடைய ஐஸ் பெட்டியில் பாதி அவளுக்கே என்றாகிவிட்டது. அவர் கேட்டது தினமும் சூடாக நாலு துண்டு, அவ்வளவுதான்.

அடுத்த வருஷப் பொருட்காட்சியில், ராட்டினத்துப் பக்கம் இன்னொரு கடையிலும் மைசூர்பாகு பஜ்ஜி என்று பலகை தொங்கியது. ஜடையன் போய்ப் பார்த்துவிட்டுக் கொதிப்போடு வந்தான்.

“நம்முளுதை அப்படியே போடறானுங்க. போய்க் கேக்க வேண்டாமா?”

மாதேவி கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். “நல்லா வந்திருக்குதா?”

“வந்திருக்குது. காரந்தான் பத்தல.”

“அப்பப் போடட்டும் விடுங்க. எனக்கும் கை கொஞ்சம் ஓயும்.”

அன்று மழைத் தூறலில் கூட்டம் குறைந்திருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, வலிக்கும் காலை நீட்டி, கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்தாள். “எதுத்தாப்புல அந்த டெல்லி அப்பளம் ஒண்ணு வாங்கியாங்க. இத்தன நாளா வாசம்தான் புடிக்கறேன்,” என்றாள்.

ஜடையன் வாங்கிவந்த அப்பளம் அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. மேலே சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூள். இரண்டு கையாலும் பிடித்து ஓரத்தைக் கடித்தாள். தூள் மூக்கில் ஏறித் தும்மினாள். பாதியை ஒடித்து அவனிடம் நீட்டினாள். இருவரும் தகரத்தில் தூறல் விழும் சத்தத்தைக் கேட்டபடி நொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.